கண்டியில் கருத்தரங்கு, அப்புத்தளையில் இரண்டு நாள்

"கூட்டத்துக்குப் போறீங்களா மகள், சுத்திப் பார்க்கப் போறீங்களா?"

பயணப் பைக்குள் நான் குளிர்ச்சட்டையை மடித்து வைப்பதைக் கண்டதும் மாமி கேட்ட கேள்வி இது. "ரெண்டுக்கும்தான் மாமி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்டது போல மனம் உறுத்தியது.

சகோதரிகளே, உத்தியோகம் பார்க்கும் பெண்கள் பலருக்கு இந்த உறுத்தல் பழக்கமானதுதான். கணவர் நண்பர்களோடு நாலு நாள் பயணம் போனால் யாரும் காரணம் கேட்பதில்லை. நாம் புறப்படுவதென்றால் ஒரு கடிதம் வேண்டும், ஒரு முத்திரை வேண்டும், 'வேலை' என்ற பெயர் வேண்டும். சமூகசேவைத் துறைக்கு வந்து பத்து வருடத்துக்கும் மேலாகிறது. எத்தனையோ மாவட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஆனால் பார்த்ததெல்லாம் மண்டபம், பதிவுப் புத்தகம், பகற்சாப்பாட்டுப் பார்சல், திரும்பும் வாகனம். அந்த ஊரில் ஆறு ஓடுகிறதா, மலை இருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

2023 செப்டெம்பரில் கண்டியில் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. பெண்களின் வாழ்வாதாரமும் சமூக நலனும் என்பது பொருள். அழைக்கப்பட்டோர் பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பேராதனையில் என்னோடு சமூகவியல் படித்த மூவரும் அதில் இருக்கிறார்கள். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி மன்னார், ஒருத்தி பதுளை மாவட்டத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். நான் மட்டக்களப்பு. நால்வரும் ஒன்றாக இருந்து பதினொரு வருடங்கள் ஆகிவிட்டன. அன்றிரவே வட்ஸ்அப்பில் முடிவாகிவிட்டது. கூட்டம் செவ்வாயும் புதனும். வியாழன், வெள்ளி விடுமுறை போடுவது. மேலதிக நாட்களின் செலவு அவரவர் கையிலிருந்து. அப்புத்தளைக்குப் போவது.

அட்டவணையின் மூன்றாவது நிரல்

கருத்தரங்கு நன்றாகவே நடந்தது. உரையாற்றியவர்கள் நிறையத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நம் நாட்டின் குடிசன மதிப்பீடுகளிலும் வீட்டலகு ஆய்வுகளிலும் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று பிரிவுகள் இருப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். திரையில் தோன்றிய ஒவ்வோர் அட்டவணையிலும் மூன்றாவது நிரல் தோட்டம். பிள்ளைகளின் நிறை என்றாலும், மலசலகூட வசதி என்றாலும், பெண்களின் கல்வி என்றாலும் அந்த மூன்றாவது நிரலில்தான் நிலைமை மோசமாக இருந்தது. நாங்கள் தலையை ஆட்டியபடி குறிப்பெடுத்தோம். பதுளைத் தோழியும் எங்களோடிருந்து குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மதியத்தோடு அமர்வுகள் முடிந்தன. பேராதனைக்கு பஸ் ஏறினோம். 1821இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா, மூன்று புறமும் மகாவலி வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. மாணவிகளாக இருந்த காலத்தில் பரீட்சை முடியும் ஒவ்வொரு முறையும் அங்கே போவோம். பெரிய புல்வெளியின் நடுவே குடைவிரித்து நிற்கும் ஜாவா அத்தி மரத்தடியில் கடலை கொறித்தபடி மாலைவரை இருப்போம். மரம் அப்படியே இருந்தது. கடலையின் விலைதான் பல மடங்காகிவிட்டது! தேயிலைச் செடி இந்த நாட்டில் முதலில் வேர் பிடித்ததும் இந்தப் பூங்காவில்தான். 1824இல் சீனாவிலிருந்து கொண்டுவந்து காட்சிக்காக நட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வர்த்தகப் பயிராக நட்டது 1867இல். அதன்பின் கோப்பிச் செடிகளை இலைநோய் அழிக்க, தேயிலை மலைநாட்டை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது.

மரத்தடியில் பழைய கதைகள் ஓடிக்கொண்டிருந்தபோது பதுளைத் தோழி திடீரென்று சொன்னாள்: "வெள்ளிக்கிழம ராத்திரிக்கு விடுதி போட வேணாம்டி. எங்க வீட்டுல தங்குங்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாலு வருடப் படிப்புக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீட்டில் ஒடியற்கூழ் குடித்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு வந்து வாவிக்கரையில் ஆட்டம் போட்டிருக்கிறார்கள். மன்னாருக்கும் போயிருக்கிறோம். இவள் மட்டும் தன் வீட்டுக்கு ஒருநாளும் அழைத்ததில்லை. கடிதம் போட விலாசம் கேட்டாலும், "விடுமுறை முடிஞ்சி வந்து பேசிக்கலாம்" என்பாள். தூரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டோம். அந்த வயதில் அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

மேகத்தோடு ஓடும் புகையிரதம்

வியாழன் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் கண்டியிலிருந்து பொடி மெனிக்கே புறப்பட்டது. மலைநாட்டுப் பாதை கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டது. கண்டிக்கு 1867இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்த பாதை, பதுளையைச் சென்றடைய 1924 ஆகிவிட்டது. மலையைக் குடைந்து, வளைந்து வளைந்து ஏறுகிறது. சுரங்கத்துக்குள் நுழையும் போதெல்லாம் பெட்டி முழுவதும் பிள்ளைகள் கூச்சலிட, நாங்களும் வயதை மறந்து சேர்ந்துகொண்டோம். இறால் வடைக்காரர் மூன்று முறை வந்துபோனார். மூன்று முறையும் வாங்கினோம்.

கம்பளையைத் தாண்டும்போது மன்னார்த் தோழி யன்னலோரம் வந்தாள். 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஆரம்பித்த சின்னப்பிட்டி இந்தப் பகுதியில்தான் உள்ளது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்களாக அழைத்துவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை நோக்கி நடந்தே வந்தார்கள். பசியிலும் கொள்ளைநோயிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு, இருநூறு ஆண்டு நினைவாக 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்து ஓகஸ்டில் மாத்தளையை அடைந்தார்கள்.

"எங்கட ஊரால போகேக்க தண்ணிப் போத்தல் குடுக்க நானும் நிண்டனான்" என்றாள் மன்னார்த் தோழி. "கடற்கரையில எத்தினை தரம் விளையாடியிருக்கிறன். இந்தக் கரையிலதான் வந்து இறங்கினவை எண்டு பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

"எங்களுக்கும்தான் சொல்லித் தரல" என்று சிரித்தாள் பதுளைத் தோழி. "எங்க அப்பாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று ஏற ஏறக் குளிர் கூடியது. 6,200 அடிக்கு மேல் உயரத்திலிருக்கும் பட்டிப்பொலதான் நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். அதற்கு அப்பாலுள்ள சுரங்கத்தில் மத்திய மாகாணத்தில் நுழைந்து ஊவா மாகாணத்தில் வெளிவருகிறோம். இந்தப் பக்கம் தூறல், அந்தப் பக்கம் வெயில்! ஒஹியவையும் இதல்கஸ்ஹின்னவையும் கடக்கும்போது பாதையின் இருபுறமும் பள்ளத்தாக்கு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீல மலைகள். யாழ்ப்பாணத் தோழி வாய்மூடிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பிறந்த ஊருக்கு 1990இல் நின்றுபோன புகையிரதம் மீண்டும் வந்தது 2014இல். "சின்னனில நாங்கள் தண்டவாளத்தையே பாக்கேல்லையடி, கோச்சியை எங்க பாக்கிறது" என்றாள்.

லிப்டன் அமர்ந்த இடம்

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அப்புத்தளையிலிருந்து முச்சக்கர வண்டியொன்றில் ஏறினோம். தம்பேத்தன்னையில், 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து, தேயிலை மலைகளுக்கூடாகப் பாதை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஸ்கொட்லாந்துக்காரரான லிப்டன் தமது தோட்டங்களை இருந்து பார்த்த உச்சியே லிப்டன் சீட். இப்போது அங்கே அவரது சிலை ஒன்று அமர்ந்திருக்கிறது. காலை ஒன்பது, பத்து மணியானால் மேகம் மூடிவிடும் என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தபடியால் நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். தெற்கே சமவெளி வரைக்கும் தெரிந்தது. இவ்வளவு அழகான காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இறங்கி நடந்து வரும்போது மூன்று பெண்கள் கொழுந்துச் சாக்கோடு சரிவில் வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, கையில் மட்டக்கம்பு. பச்சை மலை, பின்னால் மேகம். நான் கைத்தொலைபேசியை உயர்த்தினேன். ஒரு பெண் தானாகவே நின்று, சிரித்து, படம் எடுத்து முடிந்ததும் கையை நீட்டினார். நூறு ரூபாத் தாளொன்றைக் கொடுத்தேன்.

சிறிது தூரம் வந்த பிறகு பதுளைத் தோழி மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மாவையும் ஒருத்தரு இப்படி எடுத்தாரு. நான் அப்ப ஆறாம் ஆண்டு. அந்தப் படம் எந்த நாட்டுல எந்தச் சுவத்துல தொங்குதோ, எங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுல அம்மாவோட படம் ஒண்ணுகூட இல்லடி."

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தப்பியிருப்பேன். நலன்புரி வேலையில், பயனாளியின் படத்தை அறிக்கையில் சேர்க்க முன் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான். விடுமுறையில் வந்தவுடன் அந்தப் பாடத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இந்த மலைத்தொடரின் தென்சரிவில்தான் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டமும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள்; வீட்டிலிருந்த பெற்றோரை இழந்தார்கள். 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்டிருந்தது. மேலேயிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒரே பச்சை. எது தோட்டம், எது சரிந்த மண் என்று நமக்குத் தெரிவதில்லை.

விலாசம் இல்லாத வீடு

பிற்பகல் பஸ்ஸில் போய் இறங்கி, தேயிலைக்குள் அரைமணி நேரம் நடந்து தோழியின் வீட்டை அடைந்தோம். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்றாள். வெள்ளைக்காரர் காலத்து லயம். வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு. அதில் ஒரு பகுதியை மறைத்துக் குசினியாக்கியிருந்தார்கள். வீட்டுக்கு இலக்கம் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. அவள் அன்று விலாசம் தராததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

"வாங்க பாப்பா, வாங்க" என்று தோழியின் அம்மா எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களைப் பார்த்தேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள். தேயிலைக் கறை வெடிப்புகளுக்குள் இறங்கிக் கறுத்திருந்தது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டாலும் கைக்காசுக்குப் போய்வருகிறாராம். 2021இல் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளம்தான் நாங்கள் போன நாளிலும் இருந்தது. 2024இல்தான் அது 1,350 ஆனது. இடையில் வந்த பொருளாதார நெருக்கடியில் மாவும் அரிசியும் என்ன விலைக்குப் போயின என்பது எல்லோரும் அறிந்ததே. "ரொட்டி சின்னதாப் போச்சி பாப்பா, வேற என்ன" என்றார் அம்மா.

இரவு ரொட்டியும் சம்பலும் கிழங்குக் கறியும். தம்பி பக்கத்துக் காம்பராவில் படுக்கப் போய்விட, நாங்கள் பெண்கள் எல்லோரும் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தோம். நடுச்சாமத்தில் எனக்கு வெளியே போக வேண்டியிருந்தது. தோழியை எழுப்பினேன். டோர்ச் வெளிச்சத்தில், மூடுபனிக்குள், ஈரப் படிகளில் இறங்கி, லயத்தின் கடைசிக்கு அப்பால் இருந்த பொது மலசலகூடத்துக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் காலில் இரண்டு அட்டைகள். அவள் சவர்க்காரத்தைத் தடவி அவற்றைக் கழற்றிவிட்டாள்.

"இதுக்காகத்தாண்டி நான் ஒங்கள அப்ப கூப்பிடல" என்றாள்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் நான் குறிப்பெடுத்த மலசலகூட அட்டவணை இதுதான். அந்த அட்டவணைக்குக் கீழே குனிந்திருந்த அவள் தலையும் நினைவுக்கு வந்தது. "இப்ப ஏன் கூப்பிட்டாய்?" என்று கேட்டேன். "அன்னைக்கு வெக்கமா இருந்திச்சி. இப்ப யோசிச்சா, வெக்கப்பட வேண்டியது நான் இல்லன்னு வெளங்குது" என்றாள். பின்னர் இருவரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

காலையில் அம்மா என்னிடம் வந்தார். "பாப்பா, ஒங்க போன்ல என்னைய ஒரு போட்டோ எடுங்களேன்." உள்ளே போய் மயில்கழுத்து நிறச் சேலையொன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலிலே கூடை இருந்தது. மலையும் பின்னால் அழகாகத் தெரிந்தது. அங்கே நிற்கச் சொல்லலாமா என்று நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"கூடையோட வேணாம் பாப்பா. கூடையோட எத்தனையோ பேரு எடுத்துட்டாங்க."

கதிரையைச் சுவரோடு போட்டு, மகளின் பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே நேராக உட்கார்ந்தார். எடுத்தேன்.

திரும்பிய பின்

சனிக்கிழமை பதுளை வந்து, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்குப் போகும் பஸ்ஸில் வீடு திரும்பினேன். அந்தப் படத்தைக் கழுவி, சட்டமிட்டு, தோட்டக் காரியாலய விலாசத்துக்கு அனுப்பினேன். போய்ச் சேர மூன்று வாரம் எடுத்தது. அனுப்பு முன் மாமி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மகளைப் படிக்க வச்ச முகம்" என்றார். அதன்பின் அந்தப் பயணம் கூட்டமா, சுற்றுலாவா என்று அவர் கேட்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் நிலைமை அறிக்கைகள் வந்தன: மாவட்டம், குடும்பங்கள், ஆட்கள் என்று நிரல் நிரலாக. வழமையாக எங்கள் மாவட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். இம்முறை பதுளை என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. நாலு நாள் தோழியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. ஐந்தாம் நாள் கிடைத்தது. லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு இறங்கியிருக்கிறது. எல்லோரும் உயிரோடு தோட்டப் பாடசாலையில் இருக்கிறார்கள். அம்மா தொலைபேசியை வாங்கி முதலில் கேட்டது, "ஒங்க பக்கம் வெள்ளமாமே பாப்பா, புள்ளைங்க நல்லா இருக்கா?" என்பதைத்தான்.

சகோதரிகளே, வேலை நிமித்தம் வெளியூர் போக வாய்ப்புக் கிடைத்தால், முடிந்தால் சொந்தச் செலவில் ஒரு நாளை நீட்டிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பிறந்த தோழி ஒருத்தி இருந்தால் அவளோடு போங்கள். வேலைக்காக மட்டும் போனால் ஓர் ஊரின் குறைகள்தான் கண்ணில் படுகின்றன. சுற்றிப்பார்க்க மட்டும் போனால் அழகுதான் படுகிறது. அப்புத்தளையில் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தேன்; ஒன்றை ஒன்று மறைக்காமல் பார்ப்பது கடினம் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

போவதானால் தடித்த குளிர்ச்சட்டை, டோர்ச், அட்டைக்குச் சவர்க்காரத் துண்டு ஆகியவற்றை மறக்க வேண்டாம். டித்வா புயலில் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்தபடியால், புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் விசாரித்துக்கொண்டே புறப்படுங்கள். தேயிலை மலையில் யாரையாவது படம் எடுக்க விரும்பினால், முதலில் கேளுங்கள். அவர் எப்படி நிற்க விரும்புகிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.